ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: பாகம் பிரிக்கும் முறை

கல்லூரி திறந்து இரண்டு வாரம் ஆனால் போதும், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு கேட் சத்தம் போட ஆரம்பித்துவிடும். காட்பாடிப் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்த பிள்ளைகள், பாகாயத்துக்கு பஸ் ஏறிப் போகிற பிள்ளைகள் எல்லாரும் லேப்டாப் பையோடு வந்து நிற்பார்கள். கேள்வி ஒன்றுதான். “அண்ணா, லேப்ல லினக்ஸ் வேணும்ன்றாங்க. வீட்ல விண்டோஸ் இல்லன்னா அப்பா திட்டுவாரு. ரெண்டும் போட முடியுமா?”

முடியும். கம்ப்யூட்டர் ஆன் ஆகி எழுவதைத்தான் பூட் என்பார்கள். இரண்டு இயங்குதளத்தைப் போட்டு, எது எழவேண்டும் என்று நாமே தேர்வதற்கு டூயல் பூட் என்று பெயர். புதுச் சங்கதியும் இல்லை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் ‘எது வேண்டும்’ என்று கேட்ட அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து, என்டரைத் தட்டிவிட்டு விண்டோஸுக்குள் ஓடியவர்களில் நானும் ஒருவன்.

இதை வீட்டுப் பாகப்பிரிவினையாக நினைத்துக்கொள்ளுங்கள். வீடு ஒன்று, நடுவில் சுவர். அண்ணன் பாகத்தில் விண்டோஸ், தம்பி பாகத்தில் லினக்ஸ். தெருவாசல் மட்டும் பொது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்கிற சின்னப் பகுதிதான் அந்த வாசல். பல லேப்டாப்புகளில் அது வெறும் 100 எம்பி. இரண்டு பேரும் அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். பாகப்பிரிவினையில் சண்டை வருவது சுவர் எழுப்பும்போது அல்ல, அளக்காமல் எழுப்பும்போதுதான். இங்கேயும் அப்படித்தான். இன்ஸ்டால் இருபது நிமிஷ வேலை. அதற்கு முந்தைய ஏற்பாடு ஒரு சாயங்காலத்தையே தின்றுவிடும். இந்தக் கட்டுரையிலும் ஏற்பாட்டுக்குத்தான் இடம் அதிகம்.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

வருகிறவர்களில் பாதிப் பேரை டூயல் பூட் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

சி, பைத்தான் லேப் பயிற்சி மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியைப் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளிலும் லினக்ஸ் ஓட்டலாம். ரேம் 8 ஜிபி இருந்தால் ஒப்பேறிவிடும். பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம்.

4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 என்று மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும் லேப்டாப்பா? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் கேட்கும். பழைய மெஷின் பலவற்றில் அது கிடையாது. அதில் இரண்டைத் திணிப்பதைவிட லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டை மட்டும் போட்டுவிட்டால் இன்னும் சில வருஷம் ஓடும்.

டூயல் பூட் யாருக்கு? பகலில் ராணிப்பேட்டை லெதர் கம்பெனிக்கு டேலியில் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி லினக்ஸ் சர்வர் வேலை கற்றுக்கொள்கிறவருக்கு. போட்டோஷாப்பும் விரல்ரேகை மெஷினும் விண்டோஸில் இருக்க, லினக்ஸை முழு வேகத்தில் ஓட்ட நினைக்கிறவருக்கு. உங்கள் கதையும் இதுதான் என்றால் மேலே படியுங்கள். விண்டோஸ் ஏற்கெனவே இருக்கிற லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் சேர்ப்பதாக வைத்து எழுதுகிறேன். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவுக்கும் வழி ஏறக்குறைய இதேதான், திரைகள் கொஞ்சம் மாறும்.

பிட்லாக்கர்: நான் மாட்டிக்கொண்ட இடம்

எதிர்வீட்டுத் தம்பியின் புது லேப்டாப். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் பழைய பழக்கத்தில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே எழும், மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) போய், நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் வசதியை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த தடவை ஆன் ஆனதும் திரை முழுக்க நீலம்.

“இன்னாண்ணா இது, ஏதோ நம்பர் கேக்குது?”

நாற்பத்தெட்டு இலக்க ரிகவரி கீ. டிஸ்க்கை பிட்லாக்கர் என்கிற விண்டோஸ் வசதி பூட்டியிருக்கிறது என்பதே எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. புது விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்தாலே இந்தப் பூட்டு, அதாவது டிவைஸ் என்கிரிப்ஷன், தானாக ஆன் ஆகிவிடும் வாய்ப்பு அதிகம். கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சரி, கணக்கு யாருடையது என்று கேட்டேன். தம்பி தலையைச் சொறிந்தான். வாங்கின கடையில் இருந்த பையன் தன் மெயில் ஐடியையே போட்டு ‘ஆன் பண்ணி’க் கொடுத்திருக்கிறான். போன் அடித்தால் அவன் வேலையை விட்டுவிட்டு பெங்களூரு போய்விட்டானாம்.

அரை மணி நேரம் கை வேர்த்தது. கடைசியில் பயாஸுக்குத் திரும்பிப் போய் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்தேன். எந்த நம்பரும் கேட்காமல் விண்டோஸ் திறந்துகொண்டது. மெஷினின் பூட் அமைப்பு மாறினால்தான் அந்தப் பூட்டு சந்தேகப்படும். பழையபடி வைத்தால் அடங்கிவிடும். நீங்கள் என்றைக்காவது அந்த நீலத் திரையில் மாட்டினால், கடைசியாக எதை மாற்றினீர்களோ அதைத் திருப்பி வைப்பதுதான் முதல் வைத்தியம்.

ஆகவே எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த மூன்று வேலை:

1. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் லேப்டாப்பில் இருப்பது யாருடைய மெயில் ஐடி என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

2. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் ரிகவரி கீ பக்கம் இருக்கும். அந்த 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவில் வையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால், பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதைதான்.

3. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன். ஆன் என்று இருந்தால் ஆஃப் செய்யுங்கள். பூட்டு முழுக்க அவிழ ஒரு மணி நேரம்கூட ஆகலாம், பொறுங்கள். பூட்டு இருக்கும்வரை மின்ட் இன்ஸ்டாலர் விண்டோஸ் பக்கத்தில் இடம் பிரிக்க மறுத்துவிடும்.

செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. மின்ட்டும் உபுண்டுவும் அது ஆனில் இருக்கும்போதே பூட் ஆகும். ‘செக்யூர் பூட்டை அணை’ என்று தொடங்கும் வீடியோக்களை மூடிவிட்டு வாருங்கள்.

மற்ற ஏற்பாடுகள்

பேக்கப். சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அக்கா கல்யாண போட்டோ, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏறிவிட்டதா? ஏற்றினால் போதாது, வேறொரு கம்ப்யூட்டரில் நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். அப்புறம் வாருங்கள்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்குவதில்லை. ஒரு கண்ணைத் திறந்துகொண்டே கிடக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் டிரைவில் எழுத முடியாது, வற்புறுத்தினால் ஃபைல் கெடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ‘சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ’ என்பதைத் திறந்து, மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று இருக்கும் நீல வரியைத் தட்டினால் கீழே டிக் பெட்டிகள் உயிர்பெறும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பொருந்தும். லெகசி என்றிருந்தால் அது பழைய முறை. வேறு வழியில் போகவேண்டும்.

கரண்ட் விஷயம். பார்ட்டிஷனைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கதை கந்தல். லேப்டாப் என்றால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் மெத்தைமேல் வைத்தும் செய்யாதீர்கள். மேஜைமேல் வையுங்கள், ஃபேனைப் போடுங்கள்.

இடம் ஒதுக்குதல்

சுவர் எழுப்பும் வேலையை விண்டோஸ் கையாலேயே செய்யவிடுவது நல்லது. அதன் வீட்டின் மூலைமுடுக்கு அதற்குத்தான் தெரியும்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழே உங்கள் டிஸ்க் கட்டம் கட்டமாகத் தெரியும். 512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி இங்கே 476 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி 1000 கணக்கில் விற்கிறது, விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. இந்தப் பேதம் இன்னொரு இடத்திலும் வரும், ஞாபகம் இருக்கட்டும். இடதுபக்கம் இருக்கும் குட்டிக் கட்டம்தான் நான் சொன்ன இஎஃப்ஐ, பொது வாசல். அதைத் தொடாதீர்கள். கடைசியில் ரிகவரி என்று ஒன்று இருக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

சி டிரைவில் ரைட் கிளிக் செய்து ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். ஒரு சின்னப் பெட்டி வந்து எவ்வளவு குறைக்க என்று எம்பியில் கேட்கும். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி போதும் என்பார்கள், ஆனால் அது பாய் விரித்தால் கால் நீட்ட முடியாத அறை. 100 ஜிபி கொடுங்கள். பெட்டியில் 102400 என்று அடித்து ஷ்ரிங்க் கொடுத்தால், சி-க்கு வலப்பக்கம் ‘அன்அலோகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையோடு ஓர் இடம் பிறக்கும். அப்படியே விடுங்கள். ‘நியூ வால்யூம்’ போட்டு ஃபார்மேட் செய்ய வேண்டாம்.

சில சமயம் டிஸ்க்கில் 300 ஜிபி காலி இருந்தும் 15 ஜிபிதான் குறைக்க முடியும் என்று அடம்பிடிக்கும். நடுவில் நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்: ஹைபர்நேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்ப ஆன் செய்ய மறக்காதீர்கள்.

பென் டிரைவ்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. உள்ளே இருப்பதெல்லாம் அழியும், அதில் பாட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மின்ட்டை இன்ஸ்டால் செய்ய இறக்கும் ஐஎஸ்ஓ ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. தினசரி 2 ஜிபி டேட்டா பேக்கை நம்பி இறங்கினால் பாதியில் தவிப்பீர்கள். வைஃபை இருக்கும் வீட்டில் இறக்குங்கள், அதுவும் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து. பழைய பென் டிரைவில் எப்போதோ போட்டு வைத்த ஐஎஸ்ஓ வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களை செக்யூர் பூட்டில் தடுத்துவிட்டது. பழசை வைத்திருந்தவர்கள் பலர் திண்டாடினார்கள்.

விண்டோஸில் ஐஎஸ்ஓவை பென் டிரைவில் ஏற்றும் ரூஃபஸ் என்கிற சின்ன இலவச மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டுங்கள். பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி. ஸ்டார்ட். நடுவில் ஏதாவது கேட்டால் ‘ரெகமண்டட்’ என்று எழுதியிருப்பதை எடுங்கள். அவ்வளவுதான்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்தல்

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கீ: டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். எந்த நொடியில் தட்டுவது என்று தெரியாமல் பத்து தடவை ரீஸ்டார்ட் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுலப வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் (இது பயப்பட வேண்டாத நீலம்) ‘யூஸ் எ டிவைஸ்’ போய் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு நிமிஷத்தில் மின்ட்டின் டெஸ்க்டாப் வந்து நிற்கும். இன்னும் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை, எல்லாம் பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. பெண் பார்க்கப் போன மாதிரி ஒரு கால் மணி நேரம் பேசிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? சத்தம் வருகிறதா? டச்பேட், வெளிச்சம் கூட்டும் கீ, கேமரா? வைஃபை வரவில்லையென்றால் மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்யுங்கள், நெட் வந்துவிடும். இன்ஸ்டால் முடிந்ததும் டிரைவர் மேனேஜர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இன்ஸ்டால்

டெஸ்க்டாப்பில் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ ஐகான். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முதல் தடவை ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தி வந்தால் தேடிப் பார்க்க அதுதான் வசதி. பிறகு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்99 கீபோர்டும் உள்ளேயே இருக்கிறது.

பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக்ஸுக்கு டிக் போட்டால், செக்யூர் பூட் ஆனில் இருக்கும் மெஷினில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் ‘எம்ஓகே’ என்று ஒரு திரை வந்து அதையே திருப்பிக் கேட்கும். ‘என்ரோல்’ கொடுத்து அதே பாஸ்வேர்டை அடிக்கவேண்டும். எட்டெழுத்துப் போதும், மறக்காமல் இருந்தால் சரி.

அடுத்து வரும் ‘இன்ஸ்டாலேஷன் டைப்’ திரையில்தான் விரல் நடுங்க வேண்டும். ‘இரேஸ் டிஸ்க்’ என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் விண்டோஸ், போட்டோ எல்லாம் போச்சு. ‘அலாங்சைட் விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற வரி பல நேரம் சரியாகவே செய்துவிடும். எனக்குப் பிடித்தது ‘சம்திங் எல்ஸ்’, ஏனென்றால் எந்தக் கட்டத்தில் கைவைக்கிறோம் என்று நம் கண்ணால் பார்க்கலாம்.

அதற்குள் போனால் பார்ட்டிஷன் பட்டியல் வரும். ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 102400 இருக்காது, 107374 எம்பி அல்லது அதை ஒட்டிய எண் இருக்கும். அதே 1000, 1024 பேதம்தான். இந்த எண்ணைப் பார்த்ததும் ‘இது என் இடம் இல்லையோ’ என்று வேறு வரியைத் தேடப் போய்க் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரியைத் தேர்ந்து பிளஸ் குறியைத் தட்டி, வகை ‘எக்ஸ்ட்4’, மவுன்ட் பாயின்ட் ஒற்றைச் சாய்கோடு என்று கொடுங்கள். ரேம் பத்தாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனி இடம் தேவையில்லை, ஃபைலாக அதுவே வைத்துக்கொள்ளும். இஎஃப்ஐயையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

‘இன்ஸ்டால் நவ்’ தட்டியதும் எதெல்லாம் மாறப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வாசிப்பதுபோல வாசியுங்கள். எக்ஸ்ட்4 என்று நீங்கள் உருவாக்கிய ஒன்றுதான் ஃபார்மேட் ஆகவேண்டும். விண்டோஸ் பாகத்தின் வகையான என்டிஎஃப்எஸ் என்ற சொல் அந்தப் பட்டியலில் இருந்தால் உடனே பின்வாங்குங்கள்.

நேர மண்டலத்துக்கு வரைபடத்தில் வேலூரைத் தேடாதீர்கள், இந்தியா முழுக்கவும் கொல்கத்தாதான். பெயர், பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டிஸ்க்கே பட்டியலில் இல்லையா? இன்டெல் ஆர்எஸ்டி என்ற அமைப்பு பயாஸில் ஆனில் இருக்கும். அதை ஏஹெச்சிஐக்கு மாற்றவேண்டும், ஆனால் நேராக மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து, பூட் பகுதியில் ‘சேஃப் பூட்’டுக்கு டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை திறந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

முடிந்த பிறகு

ரீஸ்டார்ட் ஆனதும் க்ரப் என்கிற கறுப்பு மெனு வரும். மேலே மின்ட், கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். அம்புக்குறியால் நகர்த்தி என்டர். பத்து நொடி சும்மா இருந்தால் மின்ட் திறக்கும். மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறந்தால் இன்ஸ்டால் கெட்டுவிட்டது என்று திரும்பச் செய்யாதீர்கள். பயாஸில் பூட் ஆர்டருக்குப் போய் மின்ட்டின் வரியை (‘உபுண்டு’ என்ற பெயரிலும் இருக்கலாம்) மேலே ஏற்றுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகும் சிலசமயம் அண்ணன் முன்னால் போய் நின்றுகொள்வான். வைத்தியம் அதேதான்.

அடுத்து கடிகாரம். எதிர்வீட்டுத் தம்பி மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். விண்டோஸில் மணி ஒன்றரை. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்துவிட்டு, காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் சரியாக 5:30 பின்தங்கல். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ‘timedatectl set-local-rtc 1’ என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துவிட்டால், அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும்.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் ஃபைல்களைப் பார்க்கலாம். விண்டோஸுக்கு லினக்ஸ் பாகம் புரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரில்லாத கட்டமாகத் தெரியும். ‘இது என்ன காலியாகக் கிடக்கிறதே’ என்று வீட்டில் யாராவது அழித்துவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்.

செமஸ்டர் முடிந்ததும் லினக்ஸ் வேண்டாம் என்று வருகிறவர்களும் உண்டு. அவசரப்பட்டு பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த தடவை ஆன் செய்யும்போது க்ரப் தன் வீட்டைக் காணாமல் வெறும் கட்டளை வரியோடு வாசலில் நிற்கும். அதனால் முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பெயரில்லாத 100 ஜிபி கட்டத்தை மட்டும் டிலீட் செய்யுங்கள். சி டிரைவில் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ கொடுத்தால் சுவர் இடிந்து வீடு பழையபடி ஒன்றாகிவிடும்.